அச்சுக்கூலியும் அணிந்துரையும்

சென்ற மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ஆய்வாளர் விபரத் திரட்டு ஒன்றுக்காக, ஒவ்வொருவரும் தத்தம் ஆய்வுத்துறைகளை மூன்று சொற்றொடர்களிலும், இதுவரை செய்த ஆய்வுகளை 150 சொற்களிலும் எழுதித் தருமாறு கேட்டிருந்தார்கள். முதற் கட்டத்தை நிரப்ப ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது: இலக்கியம், பால்நிலை, ஆக்கக் கைத்தொழில்கள் (வெளியீடு, இசை, வடிவமைப்பு போன்ற படைப்புசார் தொழிற்றுறைகள்). இரண்டாவதை எழுத அமர்ந்தபோதுதான், இந்த மூன்றும் எப்படி ஒரே ஆளின் மேசைக்கு வந்து சேர்ந்தன என்பதை நான் எவருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதும் இல்லை என்பது உறைத்தது. படிவத்துக்கு வேண்டியதைப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம் என்று, இங்கே முதலில் நீட்டி எழுதுகிறேன்.

தொடக்கம் இலக்கியந்தான். முதுகலைமாணிப் பட்டத்துக்காக ஈழத்துத் தமிழ்ப் பெண்கள் எழுதிய நாவல்களை எடுத்துக்கொண்டேன். மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இல் வெளிவந்தது என்பதும், ஈழத்துப் பெண்ணொருவர் எழுதிய முதல் தமிழ் நாவலாக அது கொள்ளப்படுகிறது என்பதும் இலக்கிய வரலாற்றைப் படித்த எல்லோருக்கும் தெரிந்தவை. அவருக்குப் பின் வந்தவர்களைத் தேடித்தான் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தின் வாசிப்பறையிலும், நூதனசாலை நூலகத்திலும் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தேன். இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அச்சகத்தார் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1885இல் வந்த கட்டளைச் சட்டம், குடியேற்ற அரசு தன் நிருவாக வசதிக்காகக் கொண்டுவந்ததே ஆயினும், யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோன ஒரு சமூகத்துக்கு, எங்கோ இன்னொரு பிரதி இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையை மிச்சம் வைத்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இன்று என் மாணவர்களுக்கு அந்த அலைச்சலின் பெரும்பகுதியை இல்லாமல் ஆக்கிவிட்டது. அவர்கள் மீது எனக்குச் சிறிது பொறாமை உண்டு.

தேடிய நாவல்களைவிட அவற்றின் முன்பக்கங்களே என்னை அதிகம் பிடித்து நிறுத்தின. நம்மவர் நூலுக்குள் நேரே நுழைவது அரிது. ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை ஆகிய வாசல்களைக் கடந்தே கதையை அடைய வேண்டும். ஆண்கள் எழுதிய நூல்களுக்கான அணிந்துரைகள் பெரும்பாலும் நூலைப் பற்றிப் பேசின. பெண்கள் எழுதிய நூல்களுக்கான அணிந்துரைகளோ, நான் எடுத்துக்கொண்ட வரிசையில் மீண்டும் மீண்டும், அவர் யாருடைய மகள், யாருடைய மனைவி, வீட்டுக் கடமைகள் எதையும் வழுவவிடாமல் எழுதியவர் என்ற சான்றிதழை முதலில் கொடுத்துவிட்டே கதைக்கு வந்தன. என் முதற் கட்டுரை இதைப் பற்றியதுதான். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பை அதில் எதிர்நிலைச் சான்றாக வைத்தேன். பத்துப் பெண்களின் 24 கவிதைகளைக் கொண்ட அந்தச் சிறு நூலுக்குச் சித்திரலேகா மௌனகுரு எழுதிய முன்னுரை, கவிஞர்களின் நடத்தைக்கு உத்தரவாதம் கொடுக்க முனையவில்லை. அவர்கள் எதை எழுதினார்கள், ஏன் இப்போது எழுதினார்கள் என்று கேட்டது. ஒரு பெண்ணின் நூலை வாசகரிடம் ஒப்படைக்க வேறொரு வழியும் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ‘பால்நிலை’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரையில் அந்தச் சொல் வந்த இடமெல்லாம் ‘பாலினம்’ என்று திருத்தப்பட்டிருந்தது. அது அங்கே வழங்கும் சொல் என்பதால் நான் முறையிடவில்லை. ஆனாலும் இலங்கையில் எங்களிடையே நிலைத்துவிட்ட சொல்லே எனக்கு அதிகம் பிடிக்கிறது. இனம் என்பது பிறப்போடு வருவதாகத் தொனிக்கிறது. நிலை என்பதோ நிற்கும் இடம். எங்கே நிற்க விடப்பட்டார், எப்போது நகர்ந்தார், யார் நகர்த்தினார் என்ற கேள்விகளை அது தானாகவே எழுப்புகிறது. அணிந்துரை என்பது எழுத்தாளரின் நிலையைத் தீர்மானிக்கும் ஒரு வேலை என்பதை விளக்க எனக்கு அந்தச் சொல்லே உதவியது.

கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை இதே வழியில் கொண்டுபோயிருக்கலாம். திசை மாறியது ஒரு வெளியீட்டு விழாவில். வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் நிறுவப்பட்டது. அங்கே நடைபெறும் வெளியீட்டு விழாக்களின் ஒழுங்கு கொழும்புத் தமிழருக்கு மனப்பாடம். மங்கல விளக்கேற்றல், தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை. பின்னர் முதற் பிரதியை ஒரு புரவலர் பெற்றுக்கொள்வார். அதன்பின் சிறப்புப் பிரதிகள் பெறுவோரின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். ஒவ்வொருவரும் மேடைக்கு வந்து ஓர் உறையைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கி, புகைப்படத்துக்கு நின்று, இறங்குவர். அன்றைய நூலாசிரியர் அறுபதைக் கடந்த ஓர் அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, இருபது ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் எழுதிய சிறுகதைகளை முதன்முதலாகத் தொகுத்திருந்தார். விழா முடிந்து கூட்டம் வடையும் தேநீருமாகக் கலைந்துகொண்டிருக்க, அவர் பின்வரிசையில் ஒரு கதிரையில் அமர்ந்து, உறைகளைப் பிரித்து ஒரு கொப்பியில் பெயரும் தொகையும் எழுதிக்கொண்டிருந்தார். வாழ்த்தச் சென்ற என்னிடம், தலையை நிமிர்த்தாமலே, “பொறுங்கோ பிள்ளை, காப்பு மீளுமோ எண்டு பாக்கிறன்” என்றார்.

கையில் போட்டிருந்த காப்பை அடகு வைத்து அச்சகத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்பது எனக்குப் புரியச் சிறிது நேரம் எடுத்தது. அந்தக் கணக்குக் கொப்பியை நான் அதற்கு முன்பே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மொய் எழுதும் கொப்பிக்கும் அதற்கும் வேறுபாடு அதிகம் இல்லை. வெளியீட்டு விழா என்பது பண்பாட்டு நிகழ்வு என்று மட்டும் எண்ணியிருந்த எனக்கு, அது ஒரு நிதித்திரட்டு முறை என்பது அன்றுதான் தெரிந்தது. பதிப்பகத்தின் பெயர் அட்டையில் இருந்தாலும் பெரும்பாலான வேளைகளில் அச்சுச் செலவு எழுத்தாளருடையது. 300 அல்லது 500 பிரதிகள் அச்சாகும். புத்தகக் கடைக்குக் கொடுத்தால் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ கழிவு போகும். மிகுதிப் பணம் விற்று முடிந்தபின் வரும். ஆகவே விழாவன்று கையில் சேரும் தொகையே பல நூல்களின் முழு வருமானம். உறை கொடுப்போர் யார்? உத்தியோக நண்பர்கள், பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம், தொழிலதிபர்கள். ஆண் எழுத்தாளர் ஒருவருக்கு அரைநூற்றாண்டுப் பொதுவாழ்வில் இயல்பாகச் சேரும் இந்தத் தொடர்புகள், பள்ளிக்கூடமும் வீடுமாக இருந்த ஒருவருக்கு எங்கிருந்து வரும்? அவருக்கு மிஞ்சுவது காப்பு. ஒரு தலைமுறை ஈழத்துப் பெண்களின் இலக்கியத்தில் எத்தனை பவுண் அடங்கியிருக்கிறது என்று எவரேனும் கணக்கெடுக்க வேண்டும் என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். அந்த ‘எவரேனும்’ நானாகத்தான் இருந்தாக வேண்டும் என்று விளங்க இன்னும் ஓராண்டு எடுத்தது.

இந்தக் கேள்வியோடு கோட்பாட்டு நூல்களைத் தேடியபோதுதான் ஆக்கக் கைத்தொழில்கள் என்ற துறை எனக்கு எதிர்ப்பட்டது. 1940களில் ஜெர்மானிய மெய்யியலாளர்களான அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் பண்பாட்டையும் தொழிற்றுறையையும் ஒரே தொடரில் இணைத்தபோது, அது கண்டனமாகவே சொல்லப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1998இல், பிரித்தானிய அரசு அதே இணைப்பைச் சற்று மாற்றிப் பெருமையோடு எடுத்துக்கொண்டு, விளம்பரம், கட்டடக்கலை, கைவினை, ஆடை வடிவமைப்பு, இசை, வெளியீடு, வானொலி, தொலைக்காட்சி எனத் தொடரும் 13 துறைகளை ஆக்கக் கைத்தொழில்களாக வரையறுத்து, அவை நாட்டுக்கு எவ்வளவு ஈட்டித் தருகின்றன என்று கணக்கிட்டது. அதே 1998இல்தான் பிரித்தானியப் பண்பாட்டு ஆய்வாளர் ஏஞ்சலா மக்ராபி பிரித்தானிய ஆடை வடிவமைப்பாளர்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். கலைக் கல்லூரியில் பயின்று வந்த இளம் பெண்கள், புகழுக்கும் வறுமைக்கும் நடுவே, தம் உழைப்பைத் தாமே மலிவாக்கிக்கொண்டு இயங்கியதை அவர் காட்டினார். அரசின் பட்டியலையும் மக்ராபியின் நூலையும் ஒரே வாரத்தில் வாசித்தது என் நல்லூழ். முன்னதில் ஈட்டம் இருந்தது. பின்னதில் அந்த ஈட்டத்துக்கு யார் விலை கொடுத்தார் என்பது இருந்தது.

தமிழில் இத்துறைக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் மறுபடியும் ஒரு சிக்கல். தமிழ்நாட்டு வாசகர்கள் கைத்தொழில் என்றால் கூடை பின்னுவதையும் பாய் இழைப்பதையும் நினைக்கிறார்கள். இலங்கையிலோ சீமெந்து ஆலையும் கைத்தொழில்தான், அதற்கென அமைச்சும் பேட்டைகளும் உண்டு. ‘ஆக்கக் கைத்தொழில்கள்’ என்று நான் எழுதுவதைக் கண்டு, சென்னை நண்பர் ஒருவர் நான் கைவினை ஆய்வுக்குப் போய்விட்டதாகச் சில காலம் எண்ணியிருந்தார். அவருடைய பிழையை நான் அவசரமாகத் திருத்தவில்லை. இந்த நாட்டின் கைத்தறியைப் பற்றிப் பேசும்போது, மருதமுனையிலோ வேறெங்கோ நெய்த சேலை கொழும்புக் கடைக்கு வந்து சேர்கையில், வடிவமைத்தவருக்குப் பெயர் இருக்கிறது, நூல் சுற்றியவருக்கு இல்லை. புத்தகத்துக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருந்ததால், ‘கை’ என்ற எழுத்து அந்தத் தொடரில் இருப்பது எனக்கு வசதியாகவே இருந்தது.

புத்தகத்தின் கைகளைத் தேடிப் போனபோது நான் கண்டடைந்தவர் ஒரு தட்டச்சாளர். வெள்ளவத்தையில் ஒரு குறுக்கு வீதியில், புகைப்படப் பிரதி எடுக்கும் கடையின் பின்னறையில், 1990களின் நடுப்பகுதியிலிருந்து தமிழ்ப் புத்தகங்களைக் கணினியில் கோத்துவருகிறார். அவர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே சொல்கிறேன். ஈயமெழுத்துக் காலம் முடிந்து கணினி வந்தபோது, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இப்படிப்பட்ட சிறு கடைகளில் அமர்ந்தவர்களில் பெருந்தொகையினர் இளம் பெண்கள். பாமினி எழுத்துருவின் விசையமைப்பை விரல்களில் ஏற்றிக்கொண்ட அவர்கள், கையெழுத்துப் பிரதிகளாக வந்த கவிதைகளையும் நாவல்களையும் ஆய்வேடுகளையும் கல்வெட்டுகளையும் பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்கு அடித்துக் கொடுத்தார்கள். கல்வெட்டு என்பது இங்கே மரணச் சடங்கின் 31ஆம் நாளில் வழங்கும் நினைவு மலர். அக்காவின் கணக்கில் நாவலைவிடக் கல்வெட்டே நல்ல வேலை, ஏனெனில் பணம் அன்றே வந்துவிடும். ஈழத்துத் தமிழ் இலக்கியத்தின் கடைசி முப்பது ஆண்டுகளை எழுத்தெழுத்தாக வாசித்த மனிதர்கள் யாரென்று கேட்டால், விமர்சகர்களை அல்ல, இவர்களைத்தான் நான் காட்டுவேன்.

அவர்கள் வெறுமனே பார்த்து அடித்தவர்களும் அல்லர். ஒரு நாவலில் கதாநாயகியின் தாய் மூன்றாம் அத்தியாயத்தில் இறந்து, ஒன்பதாம் அத்தியாயத்தில் மருமகனுக்குத் தேநீர் கொடுத்திருக்கிறார். அக்கா அதை எழுத்தாளரிடம் சொல்ல, அவர் திகைத்து, அந்த இடத்தில் ஒரு பெரியம்மாவைப் புகுத்தியிருக்கிறார். நூலின் நன்றியுரையில், பிரதியைச் செம்மை செய்த பேராசிரியருக்கும் அட்டைப்படம் தந்த ஓவியருக்கும் நன்றி இருக்கிறது. அக்காவின் கடையின் பெயர் நாலாம் பக்கத்தின் அடியில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, சிறிய எழுத்தில் இருக்கிறது. “என்ர பேரைப் போட்டா பிழையளுக்கும் நான்தானே பொறுப்பு, பிள்ளை” என்று அவர் சொன்னதை நான் முதலில் தன்னடக்கமாக எடுத்துக்கொண்டேன்; ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டபோது, அது ஒரு தொழிலாளியின் கணக்கு என்பது புரிந்தது. பக்கத்துக்கு அவர் பெறும் கூலிக்குப் பொறுப்பு அடங்கவில்லை.

வானொலியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அந்தப் பகுதி இன்னும் முடியவில்லை. 1925இல் தொடங்கி, 1949இல் இலங்கை வானொலி என்று பெயர்பெற்று, 1967இல் கூட்டுத்தாபனமான அந்த நிறுவனத்தைப் பற்றிய நினைவுகள் எல்லாம் குரல்களைப் பற்றியவை. அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலை மறந்தவர் என் பெற்றோர் தலைமுறையில் இல்லை. ஆனால் நான் உரையாடிய மூத்த எழுத்தாளர் பலருக்கு, எழுத்துக்காகத் தங்கள் பெயரில் வந்த முதற் காசோலை வானொலி தந்ததே. அந்தக் காசோலையை மாற்றுவதற்காகவே வங்கிக் கணக்கைத் திறந்ததாக ஒருவர் சொன்னார்.

“இதில் இலக்கியம் எங்கே?” என்ற கேள்வியை நான் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். கலாநிதிப் பட்ட நேர்முகத்தில் தேர்வாளர் ஒருவர் அதை ஏறக்குறையக் கோபமாகவே கேட்டார். அச்சுக்கூலியும் அடகுச் சீட்டும் பொருளியலாளர் வேலை என்பது அவர் எண்ணம். நான் அப்போது சொன்ன பதில் மோசமானது. ஈழத்து மார்க்சிய விமர்சகர்களான கைலாசபதியையும் சிவத்தம்பியையும் துணைக்கு அழைத்தேன். இருவருமே பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். தமிழ் நாவலைச் சமூக நிலைமைகளோடு சேர்த்து வாசிக்க 1968லேயே கைலாசபதி கற்றுக்கொடுத்துவிட்டார் என்று வாதாடினேன். அது உண்மைதான், எனினும் என் ஆய்வுக்கு அது போதாது. அவர்கள் வர்க்கத்தை எண்ணிய கவனத்தோடு வீட்டுக்குள்ளே இருந்த வேலைப்பிரிவை எண்ணவில்லை என்பதை, அவர்களிடம் எனக்குள்ள மதிப்புக் குறையாமலே சொல்லியிருக்க வேண்டும்.

இன்று கேட்டால் வேறு பதில் சொல்வேன். நம் பெண் எழுத்தாளர்கள் ஏன் இவ்வளவு சிறுகதை எழுதினார்கள், ஏன் இவ்வளவு குறைவாக நாவல் எழுதினார்கள் என்பது இலக்கியக் கேள்வி. அதற்குச் சொல்லப்படும் வழக்கமான விடை, அவர்களுக்கு நேரமில்லை என்பது. நேரம் ஒரு காரணம். ஆனால் சிறுகதைக்கு அச்சுக்கூலி இல்லை என்பது இன்னொன்று. பத்திரிகையின் ஞாயிறு இதழ் அதை இலவசமாக வெளியிடும். நாவலுக்குக் காப்பு வேண்டும். 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, உள்ளூர் வெளியீட்டுக்கு ஒரு சந்தை திறந்தது; வீரகேசரி நாளிதழ் நிறுவனம் தன் நாவல் வெளியீடுகளை அந்தக் காலத்தில்தான் தொடர்ச்சியாகக் கொண்டுவந்தது. முதலீட்டை வேறொருவர் போட்டபோது நாவல்கள் வந்தன. 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட, அந்தச் சந்தை சுருங்கியது. ஒரு வடிவத்தின் ஏற்ற இறக்கத்தை வர்த்தகக் கொள்கையோடு சேர்த்து வாசிப்பதை இலக்கிய ஆய்வு இல்லை என்று சொல்வதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

அண்மைய ஆண்டுகளிலும் இதைத்தான் பார்க்கிறேன். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. நாளிதழ்கள் சில அச்சு நிறுத்தின. எனக்குத் தெரிந்த கவிஞர் ஒருவர் 500 பிரதிகளுக்குப் போட்டிருந்த திட்டத்தை 150ஆகக் குறைத்தார். 2024 தொடக்கத்தில் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி புத்தகங்களுக்கும் வந்தபோது, அவர் தொகுப்பிலிருந்து நீண்ட கவிதைகள் இரண்டை எடுத்துவிட்டார். பக்கம் குறைந்தால் செலவு குறையும். எதிர்கால ஆய்வாளர் ஒருவர் அந்தத் தொகுப்பின் சொற்சிக்கனத்தைப் பாராட்டி எழுதக்கூடும்.

படிவத்துக்கு வருகிறேன். 150 சொற்களை ஒருவாறு எழுதி நேற்று அனுப்பிவிட்டேன். அதில் காப்பும் இல்லை, அக்காவும் இல்லை. இந்த ஆய்வு நூலாக வருகிறது, அச்சுச் செலவில் பாதி என்னுடையது. பக்க அமைப்பை அக்காதான் செய்கிறார். சென்ற வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அழைத்து, “பிள்ளை, நாலாம் அத்தியாயத்தில தட்டச்சுக்கூலி எண்டு நீங்கள் எழுதியிருக்கிற காசும், கடைசி அட்டவணையில கிடக்கிற காசும் ஒண்டில்லை” என்றார். எது சரி என்று கேட்டேன். இரண்டும் பிழை என்றார். நாளை மறுநாள் அவருடைய பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்களோடு உட்கார்ந்து அந்த அட்டவணையைத் திருத்தப் போகிறோம்.